பார்கோடு மென்பொருள்: கம்பம், போடி, குமுளி பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி என்ற மூன்று பாதைகளிலும் சரக்கும் ஆட்களும் ஓயாமல் ஏறி இறங்கும் பகுதி இது. கீழே தேனி மாவட்டம், மேலே இடுக்கி. வண்டன்மேட்டில் எடை போட்ட ஏலக்காய் மூட்டை புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நடக்கும் மின்னணு ஏலத்துக்குப் போகிறது. அங்கிருந்து தரம் பிரிக்கும் கூடத்துக்கு, பிறகு பாக்கெட் போடும் இடத்துக்கு, பிறகு லாரிக்கு. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் அந்த மூட்டையின் எண்ணைக் கையால் எழுதுகிறார். 1 என்பது 7 ஆகிறது, 3 என்பது 8 ஆகிறது. பில்லிலும் லேபிளிலும் அடையாள அட்டையிலும் பார்கோடு சேர்க்க வேண்டும் என்று இங்குள்ள வியாபாரிகளும் எஸ்டேட் கணக்கர்களும் அச்சகத்தாரும் நூலகர்களும் கேட்பது அதனால்தான். அவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பார்கோடு போட எந்த மென்பொருளை வாங்க வேண்டும்?

பலருக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டு 2013 முதல் பார்கோடு வரையும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. இலவசமான லிப்ரே ஆபீஸில் 6.4 பதிப்பிலிருந்து க்யூஆர் குறியீட்டையும், 7.3 பதிப்பிலிருந்து கோட் 128 என்ற கோட்டு வகையையும் செருகும் மெனுவிலிருந்தே போடலாம். மாதம் நூறு கடிதம், ஐம்பது சான்றிதழ் அடிக்கும் அலுவலகத்துக்கு இது தாராளம்.

லேபிள் அடிப்பதே வேலையாக இருப்பவர்களுக்கு லேபிள் வடிவமைப்பு மென்பொருள் வேண்டும். லேபிள் பிரிண்டர் தயாரிப்பாளர்கள் பலர் அதன் எளிய பதிப்பை இலவசமாகவே தருகிறார்கள். முதலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். எக்செல் பட்டியலிலிருந்து வரிசையாக எடுத்து அச்சிட முடிகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். லேபிளுக்கு லேபிள் எண்ணைக் கையால் தட்ட வேண்டியிருந்தால், நோட்டில் எழுதும்போது வந்த பிழையே கணினியிலும் வரும்.

பட்டியலில் உள்ள எண்களுக்கெல்லாம் மொத்தமாகப் படம் வேண்டுமானால் ஜின்ட் என்ற திறந்த மூல மென்பொருள் நன்றாக உழைக்கும். கோட்டு வகைகள், சதுர வகைகள் எல்லாம் அதில் உண்டு. சொந்தமாக பில்லிங் செயலி எழுதுபவர்களுக்குத் தேவைப்படுவது வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேர்டில் எப்படிப் போடுவது? மெனுவில் எங்கும் காணோமே?

மெனுவில் தேடினால் கிடைக்காது. அது புலக் குறியீடாக ஒளிந்திருக்கிறது. கன்ட்ரோல் விசையோடு எஃப்9 அழுத்தினால் சாம்பல் நிற இரட்டை அடைப்பு வரும். அதற்குள் டிஸ்ப்ளேபார்கோடு என்ற ஆங்கிலச் சொல்லை ஒரே சொல்லாக அடித்து, மேற்கோள் குறிக்குள் எண்ணை எழுதி, அடுத்து பார்கோடு வகையின் பெயரைச் சேர்த்து, எஃப்9 அழுத்துங்கள். கோடுகள் வந்து நிற்கும். கோட்டுக்குக் கீழே எண்ணும் தெரிய வேண்டுமானால் பின்சாய்வுக் கோட்டோடு ஆங்கிலச் சிறிய டி (t) எழுத்தைச் சேர்க்க வேண்டும்.

பட்டியலிலிருந்து ஆளுக்கொரு கடிதம் அடிக்கும் மெயில் மெர்ஜ் வேலைக்கு மெர்ஜ்பார்கோடு என்று இன்னொரு புலம் இருக்கிறது. அங்கே எண்ணுக்குப் பதிலாகப் பட்டியலின் பத்திப் பெயரைக் கொடுத்தால் போதும். பள்ளி நுழைவுச் சீட்டு, சங்க உறுப்பினர் அட்டை போன்றவற்றுக்கு இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

பார்கோடு எழுத்துருவை இறக்கினேன். கோடு அழகாக வருகிறது, ஸ்கேனர் படிக்கவில்லை. ஏன்?

எந்த வகை எழுத்துரு என்பதைப் பொறுத்தது.

கோட் 39 எழுத்துருவாக இருந்தால், எண்ணுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். அந்த நட்சத்திரம்தான் 'இங்கே தொடங்கு, இங்கே முடி' என்று ஸ்கேனருக்குச் சொல்கிறது. இதில் வேர்டு ஒரு குழப்பம் செய்யும். இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையில் உள்ளதைத் தடித்த எழுத்தாக மாற்றும் தானியங்கி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் அடித்த நட்சத்திரங்களை வேர்டு விழுங்கிவிட்டு எண்ணைத் தடித்ததாக்கிவிடும். தொடக்கமும் முடிவும் போய்விடும், கோடுகளும் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தானியங்கித் திருத்த அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

கோட் 128 எழுத்துருவாக இருந்தால் எண்ணை அப்படியே அடித்துப் பயனில்லை. தொடக்கக் குறி, முடிவுக் குறி, இவற்றோடு சரிபார்ப்புக் குறி ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு குறியின் மதிப்பையும் அது நிற்கும் இடத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, தொடக்கக் குறியின் மதிப்பையும் சேர்த்து, 103 ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தச் சரிபார்ப்புக் குறி. இதை மனிதர் கணக்குப் போட வேண்டியதில்லை. எழுத்துருவோடு வரும் எக்செல் சூத்திரமோ சிறு நிரலோ செய்துவிடும். எழுத்துருவை மட்டும் எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு சூத்திரத்தை விட்டுவிட்டு வந்தால், ஸ்கேனர் எதையும் படிக்காத வெறும் கோடுகள்தான் கிடைக்கும்.

கோட் 39, கோட் 128, இஏஎன்-13, க்யூஆர் என்று இத்தனை வகை. எனக்கு எது?

கடைகளில் விற்கப்போகும் பாக்கெட்டுக்கு இஏஎன்-13. உங்கள் கூடத்துக்குள், உங்கள் கணக்குக்குள் சுழலும் எதற்கும் கோட் 128. கைபேசியில் பொதுமக்கள் படிக்க வேண்டியதற்கு க்யூஆர். கோட் 39 பழைய வகை. எழுத்துருவில் சுலபம் என்பதைத் தவிர, இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், இடத்தை ஏகமாக விழுங்குகிறது.

38 மில்லிமீட்டர் ஸ்டிக்கரில் 12 இலக்க எண் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்கவில்லை.

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்பகுதியில் லேபிள் அடிப்பவர்களில் பாதிப்பேரின் தொல்லை இதிலிருந்துதான் வருகிறது.

சாதாரண லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். மிக மெல்லிய கோட்டுக்கு இரண்டு புள்ளி ஒதுக்கினால் 0.25 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் மை கொஞ்சம் பரவினாலும் கோடு கெட்டுவிடும். இதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம்.

கோட் 128 வகையில் ஒவ்வொரு குறியும் 11 அலகு. தொடக்கக் குறி 11, சரிபார்ப்பு 11, முடிவுக் குறி 13. எண்ணை இலக்கத்துக்கு ஒரு குறியாக எழுதும் 'பி' தொகுதியில் 12 இலக்கத்துக்கு 167 அலகு, அதாவது 41.75 மில்லிமீட்டர். 38 மில்லிமீட்டர் ஸ்டிக்கரில் எப்படி அடங்கும்? ஆனால் அதே கோட் 128 வகையில் 'சி' என்ற தொகுதி இருக்கிறது. அது இரண்டு இலக்கங்களை ஒரே குறிக்குள் வைத்துவிடும். அப்போது மொத்தம் 101 அலகு, 25.25 மில்லிமீட்டர். இருபுறமும் விட வேண்டிய வெற்றிடம் பத்துப் பத்து அலகு, ஆக 5 மில்லிமீட்டர். எல்லாம் சேர்த்து 30.25. ஸ்டிக்கரில் இடம் மிச்சம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே எண்ணை கோட் 39 வகையில், தடித்த கோடு மெல்லியதைப் போல் மூன்று மடங்கு என்ற அளவில் அடித்தால் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் பிடிக்கும்.

ஆகவே மென்பொருளில் 'தானியங்கி' அல்லது 'தொகுதி சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். நடுவே கோடு, சாய்வுக்கோடு, ஆங்கில எழுத்து எதுவும் வேண்டாம். ஒன்று நுழைந்தாலும் அந்த இடத்தில் தொகுதி மாறி நீளம் கூடும்.

வெற்றிடத்தை மட்டும் தின்றுவிடாதீர்கள். ஸ்டிக்கரைச் சுற்றி அழகுக்குக் கட்டம் போடுகிறார்கள். அந்தக் கட்டக் கோட்டை ஸ்கேனர் முதல் கோடு என்று எண்ணிக்கொள்கிறது.

கோட்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் என்ன?

வேண்டாம். மேலே சொன்ன புள்ளிக் கணக்கு உடைந்துவிடும். இஏஎன்-13 வகைக்கு இயல்பான அலகு 0.33 மில்லிமீட்டர். 203 டிபிஐ பிரிண்டரில் அது 2.64 புள்ளி. பாதிப் புள்ளியை எந்தப் பிரிண்டரும் அச்சிடாது. ஆகவே ஒரு கோடு இரண்டு புள்ளியாகவும் பக்கத்துக் கோடு மூன்று புள்ளியாகவும் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனர் திணறும். அலகுக்கு மூன்று புள்ளி என்று மென்பொருளிலேயே நிர்ணயித்துவிட்டால், வெற்றிடம் உட்பட 113 அலகும் சேர்ந்து சுமார் 42.4 மில்லிமீட்டர் வரும், சுத்தமாகப் படிக்கும். இரண்டு புள்ளியாக்கினால் இயல்பான அளவில் 76 விழுக்காடுதான். விதி அனுமதிக்கும் குறைந்தபட்சம் 80.

உயரத்தை வேண்டுமானால் கூட்டிக் குறைக்கலாம். கோட்டு வகையில் தகவல் முழுவதும் அகலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மிகவும் குட்டையாக்கினால் ஸ்கேனரின் ஒளிக்கற்றையைச் சரியாக வைப்பது பெரும்பாடாகிவிடும்.

பச்சை நிற ஏலக்காய் பாக்கெட்டில் கறுப்பு பார்கோடு. வெள்ளைத் தாளில் படித்தது, பாக்கெட்டில் படிக்கவில்லை!

ஏலக்காய் என்றால் பச்சை, அதனால் பாக்கெட்டும் பச்சை என்பது இங்கே எழுதப்படாத சட்டம். கடை ஸ்கேனர்களில் மிகப் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை வீசிப் படிப்பவை. பச்சை மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, விழுங்கிவிடும். ஸ்கேனரின் பார்வையில் உங்கள் அழகான இலைப்பச்சைப் பின்னணி ஏறக்குறைய கறுப்பு. கறுப்பின் மேல் கறுப்புக் கோடு.

இதன் மறுபக்கமும் உண்டு. வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு அடித்தால் சிவப்பு ஒளியில் அந்தக் கோடு மறைந்தே போகும். மிளகாய்த்தூள் பாக்கெட்காரர்கள் செய்வது இது. கைபேசி கேமரா இரண்டையும் படித்துவிடும், அதுதான் ஏமாற்றுகிறது. அச்சகத்தில் கைபேசியால் சோதித்து 'படிக்கிறது' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் அடித்துவிடுவார்கள். கடைக்குப் போன பிறகுதான் தெரியும்.

வழி எளிது. பார்கோடு நிற்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் விடச் சொல்லுங்கள், வெற்றிடத்தையும் சேர்த்து. வெள்ளைக் கட்டத்தில் அடர்பச்சைக் கோடு அடித்தால்கூடப் படிக்கும். நிறுவனத்தின் நிறம் குலையக் கூடாது என்று நினைப்பவர்கள் இதைச் செய்யலாம். ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையாக இருந்தால், உள்ளே இருக்கும் காயின் நிறம் கோட்டுக்குப் பின்னால் தெரியாத அளவுக்கு வெள்ளை மையைக் கெட்டியாக அடிக்கச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் பாட்டில் போன்ற உருண்டையான பொருளில், கோடுகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டும். வேலி போல நிறுத்தினால் ஓரக் கோடுகள் வளைவுக்கு அப்பால் போய்விடும்.

ஸ்கேன் செய்தால் திரையில் தமிழ் எழுத்து வருகிறது. ஸ்கேனர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இந்த எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் இது. ஒரே கணினியில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று விசைப்பலகைகள் வைத்திருக்கிறோம். யூஎஸ்பியில் செருகும் ஸ்கேனர் தன்னை ஒரு விசைப்பலகையாகத்தான் கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அது அனுப்புவது எழுத்தையல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை. கணினியில் தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால், சிறிய எழுத்தில் கே, எம், பி என்று அச்சிட்ட குறியீடு திரையில் ம, ர, ங என்று வந்து நிற்கும். மலையாள விசைப்பலகை இருந்தால் அதற்கேற்ற வேறு எழுத்துகள்.

மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, குறியீட்டில் எண்களை மட்டும் வைப்பது. தமிழ்99 விசைப்பலகையில் எண் எண்ணாகவே வரும். இரண்டாவது, பில் போடும் சாளரத்துக்கு ஆங்கில விசைப்பலகையை நிலையாக்குவது. சாளரத்துக்குச் சாளரம் மொழியைத் தனியாக நினைவில் வைக்கும் அமைப்பு விண்டோஸில் இருக்கிறது. மூன்றாவது, ஸ்கேனரைத் தொடர் முனையம் (சீரியல் போர்ட்) என்ற முறைக்கு மாற்றுவது. அப்போது விசைப்பலகை வழியே எதுவும் போகாது. இதற்கு பில்லிங் மென்பொருள் ஒத்துழைக்க வேண்டும்.

நான் முதலாவதைத்தான் எப்போதும் சொல்வேன்.

பார்கோட்டுக்குள் தமிழிலோ மலையாளத்திலோ பெயர் வைக்கலாமா?

கோட் 39, கோட் 128, இஏஎன் எதிலும் முடியாது. க்யூஆர் குறியீட்டில் முடியும். ஆனால் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் பிடிக்கும். மலையாளமும் தெலுங்கும் அப்படியே. 'ஏலக்காய்' என்ற சொல் நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்குப் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி என்பதால் 8 குறி, 24 பைட். மிகப் பெரிய க்யூஆர் குறியீட்டில், திருத்தும் திறன் மிகக் குறைவான நிலையில், அதிகபட்சம் 2,953 பைட். தமிழில் ஆயிரம் குறிகூடத் தேறாது.

அதோடு, கைபேசி தமிழைச் சரியாகக் காட்டினாலும் கையடக்க ஸ்கேனர் அதைக் கணினிக்குத் தட்டித் தர முடியாமல் குப்பையை அனுப்பும். கோட்டுக்குள் எண்ணும், கோட்டுக்கு வெளியே தமிழிலும் மலையாளத்திலும் பெயரும் இருப்பதுதான் சரி. எண்ணைப் படித்ததும் பெயரையும் தரத்தையும் விலையையும் கணினிப் பதிவேடு எடுத்துக் கொடுக்கட்டும். விலை மாறும், தரம் திருத்தப்படும், முகவரி மாறும். ஒட்டிய ஸ்டிக்கர் மாறாது. மாறக்கூடிய எதையும் கோட்டுக்குள் அடைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

எக்செலில் இருந்து அச்சிட்டால் எண் மாறிப்போகிறது.

எக்செல் உங்கள் குறியீட்டைக் கணக்குப் போடும் எண் என்று நினைத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று வெட்டிவிடும். வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண் ஏலக்காய்க்கு 0908, மிளகுக்கு 0904. எக்செலில் அடித்துப் பாருங்கள், 908, 904 என்று நிற்கும். 13 இலக்க எண்ணை 8.9E+12 என்பது போலச் சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் இன்னும் மோசம்: 16ஆம் இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும், பிறகு திரும்பப் பெற முடியாது.

தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'உரை' வடிவத்துக்கு மாற்றுங்கள். காற்புள்ளிக் கோப்பாக (சிஎஸ்வி) வந்த பட்டியலை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு மெனு வழியாக இறக்கி, குறியீட்டுப் பத்தி உரை என்று சொல்லித் திறங்கள்.

890 என்று தொடங்கும் எண்ணை நானே உருவாக்கிக்கொள்ளலாமா?

கூடாது. கடைக்குப் போகும் பாக்கெட்டின் எண்ணை ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து பெற வேண்டும். நீங்களாக ஒன்றைக் கற்பனை செய்தால் அது வேறொருவரின் சோப்பாகவோ பிஸ்கட்டாகவோ இருக்கும். பெரிய கடையின் பில்லில் உங்கள் ஏலக்காய்க்கு அந்தப் பொருளின் பெயர் வரும். 890 இருந்தால் இந்தியாவில் விளைந்தது என்று பொருள் கொள்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா என்பதுதான் அதன் பொருள். சரக்கு எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது.

உங்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்த 2 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மளிகைக் கடைத் தராசு எடை போட்டு ஒட்டும் ஸ்டிக்கரில் இருப்பது இந்த வகைதான்.

13ஆவது இலக்கத்தை மென்பொருள் தானாக மாற்றுகிறதே?

அது சரிபார்ப்பு இலக்கம், மென்பொருள் போடுவதுதான் சரி. 200123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 என்ற ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டல் 22. இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 25. அதை மூன்றால் பெருக்கினால் 75. மொத்தம் 97. அடுத்த பத்தின் மடங்கான 100க்கு 3 குறைகிறது. ஆகவே 13ஆவது இலக்கம் 3. மென்பொருளுக்கு 12 இலக்கம் மட்டும் கொடுங்கள்.

ஜிஎஸ்டி இன்வாய்ஸில் உள்ள க்யூஆர் குறியீட்டை என் மென்பொருளிலேயே உருவாக்கிவிடலாமா?

வரைவது உங்கள் மென்பொருளாக இருக்கலாம், உள்ளடக்கம் உங்களுடையதாக இருக்க முடியாது. மின்னணு இன்வாய்ஸ் கட்டாயமான நிறுவனங்கள் (2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவை) இன்வாய்ஸ் விவரத்தை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து இன்வாய்ஸ் பதிவு எண்ணும், மின்கையொப்பமிட்ட நீண்ட எழுத்துச் சரமும் திரும்பி வரும். அந்தச் சரத்தை ஓர் எழுத்தும் மாறாமல் க்யூஆர் ஆக்கி அச்சிடுவதுதான் உங்கள் மென்பொருளின் வேலை. விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள், இன்வாய்ஸ் எண், தேதி, தொகை எல்லாம் அதற்குள் கையொப்பத்தோடு இருக்கின்றன. சரம் நீளமானது என்பதால் குறியீடு அடர்த்தியாக வரும். மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் சோதனையின்போது படிக்காது. தாராளமாக இடம் விடுங்கள்.

இ-வே பில் எண் 12 இலக்கம். குமுளி வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் அது தேவை. உங்கள் கூடத்தின் வெளியேற்றச் சீட்டில் அந்த எண்ணை கோட் 128 ஆக, 'சி' தொகுதியில் போட்டு வைத்தால் எந்த லாரியில் எந்த மூட்டை போனது என்பதைப் பின்னால் தேடுவது மிகவும் எளிதாகும். இது கட்டாயமில்லை. ஆனால் ஒரு மூட்டை குறைந்துவிட்டது என்று தொலைபேசி வரும் நாளில் இதன் அருமை தெரியும்.

எஸ்டேட் தொழிலாளர்களின் வருகைப் பதிவுக்கு பார்கோடு அட்டை சரியாக வருமா?

வரும், இரண்டு நிபந்தனைகளோடு.

விடியும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் ஏறி மேலே போகிறவர்கள். ஜீப் நிற்கும் இடத்தில் ஒருவர் கைபேசியால் அட்டைகளைப் படித்துக்கொண்டே போனால், பெயர் கேட்டு எழுதும் நேரம் மிச்சம். ஆனால் ஏலத்தோட்டங்கள் பலவற்றில் அலைபேசி சிக்னல் கிடையாது. ஆகவே செயலி இணையமில்லாமல் பதிவு செய்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்புவதாக இருக்க வேண்டும். ஒரே அட்டையை இருமுறை படித்தால் ஒருமுறை என்றே எண்ணவும் வேண்டும். மழையிலும் சேற்றிலும் புரளும் அட்டை என்பதால் இங்கே க்யூஆர் நல்லது. அதில் திருத்தும் திறன் நான்கு நிலைகளில் உண்டு. மிக உயர்ந்த நிலையில் சுமார் 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும்.

இரண்டாவது நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எதையும் அந்தக் கோட்டுக்குள் வைக்காதீர்கள். க்யூஆர் குறியீட்டை யார் கைபேசியும் படிக்கும். அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும் பெண்ணின் விவரங்கள் டீக்கடையில் நிற்பவருக்கெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் என்ன? எஸ்டேட் கொடுத்த வரிசை எண் போதும். மற்றவை கணக்கு அறைக் கணினிக்குள் இருக்கட்டும்.

ஸ்டிக்கர் ஒரே மாதத்தில் மங்கிவிடுகிறது.

வெப்பத்தால் நேரடியாகக் கறுக்கும் தாளில் அடிக்கிறீர்கள். பஸ் டிக்கெட், பில் ரசீது போன்றவற்றுக்கான தாள் அது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் வைத்தால் தாள் முழுவதுமே கறுத்துவிடும், வெயில்பட்டால் வெளிறும். மாதக்கணக்கில் நிற்க வேண்டிய மூட்டைகளுக்கு ரிப்பன் போட்டு அடிக்கும் பிரிண்டர் வேண்டும். தாள் லேபிளுக்கு மெழுகு ரிப்பன், ஈரமும் உராய்வும் உள்ள இடத்தில் பிளாஸ்டிக் லேபிளும் ரெசின் ரிப்பனும். சணல் சாக்கில் எந்தப் பசையும் நெடுநாள் ஒட்டாது. அட்டையில் அடித்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

சொந்தமாக பில்லிங் செயலி எழுதுகிறோம். பார்கோட்டை எப்படிச் சேர்ப்பது?

கோடு வரையும் நிரலை நீங்களே எழுத வேண்டாம். ஜாவாவில் இசட்எக்ஸிங், உலாவிக்குள் ஜேஎஸ்பார்கோடு, மற்ற பல மொழிகளுக்கு ஜின்ட் என்று நன்கு அடிபட்டுத் தேர்ந்த நிரல் நூலகங்கள் இருக்கின்றன. இசட்எக்ஸிங் எழுதவும் செய்யும், படிக்கவும் செய்யும்.

படமாகச் சேர்ப்பதாக இருந்தால் எஸ்விஜி போன்ற கோட்டோவிய வடிவமே முதல் தேர்வு. அளவு மாறினாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். பிஎன்ஜி பரவாயில்லை. ஜேபெக் கூடவே கூடாது, அது கோட்டின் ஓரங்களைச் சாம்பலாக்கும். லேபிள் பிரிண்டருக்குப் படமே அனுப்ப வேண்டியதில்லை. ஜீப்ரா வகைக்கு இசட்பிஎல், டிஎஸ்சி வகைக்கு டிஎஸ்பிஎல் என்று அவற்றுக்கென்று கட்டளை மொழிகள் உண்டு. எண்ணையும் வகையையும் கட்டளையாக அனுப்பினால் பிரிண்டரே முழுப் புள்ளிகளில் கோடு வரையும். வேகமும் கூடும்.

தமிழ்ப் பெயரை மட்டும் அந்தக் கட்டளையில் அனுப்பிப் பாருங்கள்: கொம்பும் காலும் இடம் மாறி விழும் பிரிண்டர்கள் நிறைய இருக்கின்றன. பெயரைக் கணினியில் படமாக்கி அனுப்பி, கோட்டைக் கட்டளையாக அனுப்புவது பாதுகாப்பான வழி.

சான்றிதழில் க்யூஆர் போட்டால் போலி செய்ய முடியாதா?

முடியும். நகலெடுக்கும் கருவிக்கு க்யூஆர் வெறும் கறுப்புக் கட்டங்கள். அசலை நகலெடுத்தால் குறியீடும் சேர்ந்தே வரும், கச்சிதமாகப் படிக்கவும் செய்யும். குறியீடு காட்டும் இணையப் பக்கத்தில் பெயர், தேதி, மதிப்பெண் தெரிந்து, தாளில் உள்ளதோடு ஒப்பிட முடிந்தால்தான் அது காவல். அந்தப் பக்கத்தின் முகவரி உங்கள் நிறுவனத்தினுடையதுதானா என்பதையும் பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

பழைய விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து பிரித்து அடுக்க பார்கோடு உதவுமா?

மிகவும் உதவும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மேலே பார்கோடு உள்ள ஒரு முகப்புத் தாளை வைத்து, முழுக் கட்டையும் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ, கறுப்பு வெள்ளை அல்லது சாம்பல். முகப்புத் தாளைக் கண்ட இடத்தில் கோப்பை வெட்டி, அதன் எண்ணையே கோப்பின் பெயராக வைக்கும் மென்பொருள்கள் உள்ளன.

க்யூஆர் வந்த பிறகும் கோட்டு பார்கோடு எதற்கு?

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களுக்காகப் பிறந்தது க்யூஆர். கடையில் முதல் கோட்டு பார்கோடு படிக்கப்பட்டது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். இரண்டும் பல காலம் சேர்ந்தே இருக்கும். 2027 முடிவுக்குள் உலகெங்கும் கடை ஸ்கேனர்கள் சதுரக் குறியீட்டையும் படிக்க வேண்டும் என்பது ஜிஎஸ்1 வைத்திருக்கும் இலக்கு. அதுவரை பாக்கெட்டில் கோட்டைக் கைவிடாதீர்கள். கோட்டை மட்டும் படிக்கும் விலை குறைந்த ஸ்கேனர்கள் இப்பக்கத்துச் சிறு கடைகளில் இன்னும் ஏராளம்.

ஸ்கேன் செய்ததும் பில் தானாகவே சேமிக்கப்பட்டுவிடுகிறது.

ஸ்கேனர் எண்ணுக்குப் பின்னால் என்டர் விசையையும் சேர்த்து அனுப்புகிறது. ஸ்கேனரோடு வந்த கையேட்டில், என்டருக்குப் பதிலாக 'டேப்' விசையை அனுப்பும் அமைப்புக்கான பார்கோடு அச்சிடப்பட்டிருக்கும். அதை ஒருமுறை படிக்கவைத்தால் போதும். கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், உங்கள் மாடலுக்கான கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி அந்தப் பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் படிக்கவையுங்கள். வேறு மாடலின் கையேட்டில் உள்ள பார்கோடு உங்கள் ஸ்கேனரின் மற்ற அமைப்புகளையும் மாற்றிவிடக்கூடும்.